ரசத்தில் கடிபட்ட கல்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு ரசத்தில் கல் கிடந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கடைவாய்ப் பல்லில் இப்போதுதான் கேப் போட்டிருக்கிறார்கள். இருக்கிற அத்தனை பல்லையும் விட்டுவிட்டு, கல் சரியாக அந்தப் பல்லில்தான் போய் மாட்டியது. 'நறுக்' என்ற சத்தம் அடுப்படி வரை கேட்டது. அவர் சாப்பாட்டை நிறுத்தி, வாயிலிருந்ததை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கடுகு சைஸில், சாம்பல் நிறத்தில், பொடிக் கல்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனைவி என்ன செய்ய வேண்டும்? பதற வேண்டும். பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அத்தோடு விட்டேனா? "அப்பாடா... கல் வந்துடுச்சு!" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவர். எதற்கும் சட்டென்று அதிர மாட்டார்.

"காலையில தைராய்டு மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டேன். வெறும் வயிற்றில், பன்னிரண்டு வருடமாக, ஒரு நாள் தவறாமல் போடுகிறேன். என் சிரிப்புக்குக் காரணம் என் தைராய்டு இல்லை... வேறொருத்தியின் தைராய்டு. இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் போன வருடமே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வாசகர்களுக்கு ஜவ்வாது மலைப் பச்சையம்மாவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக – ஆலங்காயத்தில் பஸ் மாறி, காவலூரில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மைல் நடந்தால் அவர் வீடு. சாமை விதைக்கிறார்கள். வீட்டைச் சுற்றி ஒன்பது புளியமரம். ஆறு வருடம் முன்பு, வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கும் அந்தப் பெரிய ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவள், திரும்பும்போது ரோட்டோரத்தில் பச்சையம்மாவிடம் இரண்டு கிலோ புளி வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு புளி ஏறியதில்லை.

முதல் வருடப் புளியில் ஒரே ஒரு குறை இருந்தது. கல். புளியைக் கொட்டை நீக்கிப் பானையில் அடைக்கும்போது, கெடாமலிருக்க உப்புப் போட்டு அடைப்பார்கள். அவர்கள் போட்டது மூட்டையில் வருகிற கல் உப்பு. அதில் பாதி மண், மீதி பொடிக் கல். நான் சும்மா இருப்பேனா? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடம் விலங்கியல் நடத்தியவள். யார் எதைச் செய்தாலும் திருத்தம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"பச்சையம்மா, இந்த மண்ணு உப்பு வேண்டாம். வெள்ளையா தூள் உப்பு இருக்குது பாரு, அதைப் போட்டு அடை. புளியும் கறுக்காது, கல்லும் வராது" என்றேன்.

அடுத்த வருடம் வந்த புளியை என்னவென்று சொல்வது! பொன் நிறம். கரைத்தால் அடியில் ஒரு துகள் இல்லை. பெருமை தாங்கவில்லை. இதே பக்கத்தில் அந்தப் புளியைப் பற்றி எழுதினேன். 'ஒரு சின்ன யோசனை, ஒரு மலைக் குடும்பத்தின் புளியை எப்படி மாற்றியது' என்கிற தோரணையில்... நினைவிருக்கிறதா? உங்களில் எத்தனையோ பேர் எனக்குக் கடிதம் எழுதி, போன் பண்ணி, பச்சையம்மாவின் புளியை வரவழைத்தீர்கள். வருடா வருடம் பானைகள் கூடின. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஜாக்கெட்டில் காலர் இல்லை என்பது வேறு விஷயம்.

இனி போன வருடப் பங்குனிக்கு வருவோம்.

வழக்கம்போல் புளி வாங்கப் போயிருந்தேன். வாசல் முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாவின் மருமகள் பூங்கொடி மட்டும் ஓரமாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்து மூன்று. வாய் கொஞ்சம், வேலை ஜாஸ்தி என்கிற ரகம். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதைவிட விசித்திரம் – அந்த வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

"இன்னா பூங்கொடி, உடம்பு சரியில்லையா?"

அவள் பதில் சொல்வதற்குள் பச்சையம்மா முந்திக்கொண்டார்.

"முழுகாம கீதுக்கா. நாலாம் மாசம். போன தடவ தங்கல, உங்களுக்குத்தான் தெரியுமே... அதான் எந்த வேலையும் செய்ய வுடறதில்ல. அதுவும் தலச்சுமை தூக்கித் தூக்கி இதுக்குக் கழுத்து வேற வீங்கிப்போச்சு. கூடையத் தொடக் கூடாதுன்னு சொல்லிக்கினு கீறேன்."

அதற்கு முந்தின வருடம் பூங்கொடிக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அந்தச் சோகம் எனக்குத் தெரியும். அதனால் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"துண்டை எடும்மா, பாக்கலாம்."

எடுத்தாள். முன் கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் பரவலாக ஒரு வீக்கம். வலி இல்லையாம். ஆனால் எந்நேரமும் அசதி, குளிர், மலச்சிக்கல். பங்குனி வெயிலில் ஒருத்திக்குக் குளிர்கிறது என்றால், துண்டு வீக்கத்தை மறைக்க மட்டும் இல்லை என்று புரிந்தது.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, என் எதிரே விழுங்கச் சொன்னேன். விழுங்கும்போது வீக்கமும் கூடவே மேலே ஏறி இறங்கியது. தலைச்சுமைத் தசைப்பிடிப்பு அப்படி ஏறி இறங்காது. தைராய்டு சுரப்பிதான் குரல்வளையோடு ஒட்டிக்கொண்டு அப்படிப் போய்வரும்.

"இது சுமையால இல்ல பச்சையம்மா. தைராய்டு. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். நானும் இருந்து கூட வர்றேன்."

"தைராய்டுன்னா... கழுத்த அறுப்பாங்களே?" பூங்கொடி துண்டைத் திரும்பக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். "வயித்துல இருக்கறதுக்கு எதாச்சும் ஆவுமா பெரியம்மா?"

அதுதான் அவளுக்குக் கேள்வி. கழுத்தைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. இந்தப் பிள்ளையாவது தங்குமா, தங்கினால் நன்றாக இருக்குமா – அவ்வளவுதான். எனக்கும் பயம்தான். ஆனால் வாத்தியார் புத்தி லேசில் போகுமா? கலங்கினால் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவேன். அந்த வாசலில், அத்தனை பெண்களையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

நீங்களும் உட்காருங்கள். ஐந்து மார்க் கேள்வி இது.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒருவர் இருக்கிறார். பாதாம் பருப்பு சைஸ் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த வாசலில் பாதாமுக்கு எங்கே போவது? நல்ல பருத்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். இவ்வளவுதான் ஆள். ஆனால் பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் இவர் கண்காணிப்பில். உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைகிறது என்று தெரிந்தால், பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும் பிட்யூட்டரி என்கிற மேனேஜருக்கு ஒரு சீட்டு அனுப்புவார். மேனேஜர் உடனே கழுத்தில் இருக்கிற தைராய்டுக்கு டி.எஸ்.எச். என்று ஓர் உத்தரவு அனுப்புவார். 'ஹார்மோன் போதவில்லை, சீக்கிரம் தயார் பண்ணு.' தைராய்டு தயார் பண்ணும். ரத்தத்தில் ஹார்மோன் ஏறும். அதைப் பார்த்ததும் மேலே இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒழுங்கான ஆபீஸ்.

சிக்கல் எங்கே? அந்த ஹார்மோனைச் செய்யக் கச்சாப் பொருள் வேண்டும். அதன் பெயர் அயோடின். சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். மழை அடித்துக் கழுவிக்கொண்டு போகிற மலை மண்ணில் பல இடங்களில் அது குறைவு. அயோடின் வரவில்லை என்றால் ஹார்மோன் இல்லை. ஹார்மோன் இல்லை என்றதும் மேலேயிருந்து இன்னொரு உத்தரவு. அப்புறம் இன்னொன்று. சரக்கு இருக்கிறதா என்று மேலே இருப்பவர் ஒரு தடவையும் கேட்க மாட்டார். கேட்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'இன்னும்... இன்னும்...'

தைராய்டு பாவம் என்ன செய்யும்? லீவு போட முடியாது. யூனியன் வைக்க முடியாது. வருகிற கொஞ்சநஞ்ச அயோடினையாவது விடாமல் பிடித்துக்கொள்ளலாம் என்று தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். அந்தப் பெரிதாவதுதான் வீக்கம். பார்க்கிறவர்கள் அதை நோய் என்கிறார்கள். என்னைக் கேட்டால், அது அளவுக்கு மீறி உழைத்த உழைப்பு.

பிள்ளைகள் கூட என் வகுப்பை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அந்த உற்சாகத்தில் தீர்ப்பையும் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணும் பயம் இல்ல. நாளையிலிருந்து பாக்கெட் உப்பு வாங்கிச் சமைங்க. அதுல அயோடின் சேர்த்திருக்காங்க."

பச்சையம்மா என்னைக் குழப்பமாகப் பார்த்தார்.

"அது மாசாமாசம் ரேஷன்ல வாங்கறோமேக்கா. ஒரு மாசம் வுட்டதில்ல."

என் தீர்ப்பு அங்கேயே தடுக்கி விழுந்தது. அப்படியானால் உப்பு இல்லையா? வேறு ஏதாவதா? கழுத்து வீங்க எத்தனையோ காரணம் உண்டு. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எழுந்து நேராக அவர்கள் அடுப்படிக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த மண்சட்டியில் உப்பு இருந்தது. கையை விட்டு அள்ளினேன். ஈரமும் அழுக்குமாக, பெரிய பெரிய பரலாக... கல் உப்பு.

"இது எது பச்சையம்மா?"

"மாட்டுக்கு வாங்கனதுக்கா. மூட்டையா வாங்கிப் போட்டுருவோம். தவுட்டுல கலக்கறதுக்கு."

"இதைப் போட்டா சமைக்கிறீங்க?"

"உப்பு உப்புதானே?"

"அப்போ ரேஷன் பாக்கெட் உப்பு எங்க போகுது?"

பச்சையம்மா கையை நீட்டிக் காட்டினார். வீட்டின் மூலையில், வாயில் துணி கட்டி, வரிசையாக நிற்கிற புளிப் பானைகள்.

"அதுக்குத்தான் போவுது. நீங்கதானே சொன்னீங்க, வெள்ளையா தூள் உப்பு போடுன்னு?"

அள்ளிய கல் உப்பைத் திரும்பச் சட்டியில் போட்டேன்.

வாசற்படியில் நின்றிருந்த பூங்கொடி மெதுவாகச் சொன்னாள். "எங்க வூட்டு பாக்கெட்டு பத்தாது பெரியம்மா. வருஷம் பூராவும் சேத்து வெப்போம். அதும் பத்தாம பக்கத்து வூட்டுக்காரங்க பாக்கெட்டயும் வாங்கிக்கினு, அவங்களுக்குச் சமைக்க நம்ம கல்லுப்ப அளந்து குடுப்போம்."

பக்கத்து வீடுகள் என்றால், அந்த மேட்டில் மொத்தம் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் மாதா மாதம் அயோடின் மலை ஏறி வந்திருக்கிறது. ஆறு வீட்டு அயோடினும் புளியில் ஏறி, ஆலங்காயம் வழியாக இறங்கி, வேலூரில் என் வீட்டு ரசத்துக்கும், உங்கள் வீட்டுக் காரக்குழம்புக்கும் போயிருக்கிறது. ஏற்கெனவே அயோடின் உப்புப் போட்டுச் சமைக்கிற நமக்கு அது எதற்கு? கறுக்காத புளிக்காக.

அதுவரை ஐந்து வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பச்சையம்மா தன் கழுத்துப் பாசிமணியை அதற்கு முந்தின வருடம் புதிதாகக் கோத்திருந்தார். "இறுக்குதுக்கா, பத்து மணி சேத்துப் போட்டேன்" என்று சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புளி வித்து சதை போட்டுட்ட" என்று கேலி பண்ணினேன். எத்தனையோ கோடி மைல் தள்ளி இருக்கிற நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் நான் முதலில் அந்த மலைக்குப் போனேன். ஒரு முழம் தள்ளி இருந்த கழுத்து கண்ணில் படவில்லை.

வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

முதலில் பேசியது பச்சையம்மாதான். பாடத்தை என் மாணவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க்கா, அந்தப் புளியங்கொட்ட சொன்னீங்களே... அது தலையில குந்திக்கினு, சரக்கு கீதா இல்லியான்னு கேக்காம உத்தரவு போடுதுன்னு? நீங்க வேலூர்ல குந்திக்கினு போட்டீங்களா?"

வாசலே சிரித்தது. பூங்கொடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் – வேறு வழி?

மறுநாள் காலை மலைமேல் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார், கர்ப்பிணி அட்டையைப் புரட்டினார். அதில் 'அயோடின் உப்பு வாங்குகிறீர்களா?' என்ற கேள்விக்கு நேராக அழகாக டிக் அடித்திருந்தது. பொய் இல்லை. வாங்குகிறார்கள். வாங்கி என்ன செய்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை... யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

நான் புளிக் கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், அந்தப் பத்தியை நானும் படிச்சேன். அம்மாவுக்கு மூணு கிலோ வாங்கி அனுப்பினேன்" என்றார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நானும் அங்கேயே தங்கினேன். டி.எஸ்.எச். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உத்தரவு மேல் உத்தரவு போயிருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் போடுகிற அதே மாத்திரை, அளவு வேறு. பூங்கொடியிடம் அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

"வயித்துல இருக்கற குழந்தை ஆரம்பத்துல உன் தைராய்டை நம்பித்தான் இருக்கு. மூளை வளரணும்னா அந்த ஹார்மோன் வேணும். உனக்குப் பத்தலைன்னா அதுக்கும் பத்தாது. எல்லாம் சரியாயிடும்னு நான் இன்னிக்கே சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா இப்பவாவது வந்த பாரு, அது பெரிய விஷயம். மாத்திரையை மறக்கக் கூடாது. உப்பை மூடி வெச்சுப் பயன்படுத்து. மாசாமாசம் வா."

"கழுத்த அறுக்க மாட்டீங்களே?"

"மாட்டோம்மா. உப்பை மாத்தினா போதும், கத்தி வேண்டாம்."

பின்னால் அவரே நர்ஸைக் கூட்டிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போய் ஆறு வீட்டுப் பெண்களின் கழுத்தையும் பார்த்தார். பச்சையம்மாவுக்கும் இன்னொருத்திக்கும் வீக்கம் இருந்தது. பச்சையம்மாவுடையது பழசு. முழுதாக வற்றுமா என்பது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, கழுத்து வீங்கியவர்கள் எல்லோரும் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். என் தைராய்டுக்கும் உப்புக்கும் சம்பந்தமே கிடையாது. என் உடம்பே என் தைராய்டோடு சண்டை போட்டுக் கெடுத்தது அது. கட்டியாலும் வீங்கும், வேறு காரணத்தாலும் வீங்கும். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். விலங்கியல் டீச்சர் சொல்லக் கூடாது. ஒரே நாளில் தீர்ப்பை இரண்டு தடவை மாற்றியவள் சொல்கிறேன், நம்புங்கள்.

சரி, புளி?

முடிவு வந்தபின் நான் ஊருக்குக் கிளம்பும்போது பச்சையம்மா பஸ் வரைக்கும் வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"பாக்கெட்டு உப்ப இனிமே சமையலுக்குத்தான் வெப்பேன்க்கா, அது சத்தியம். ஆனா புளிக்குக் கல்லுப்புதான் போட முடியும். கல்லு வரும். கறுக்கும். உங்க ஊர்க்காரங்க திருப்பி அனுப்பிட்டா இன்னா பண்றது? இத நம்பித்தான் ஒரு வருஷம் ஓடுது. நீங்க எழுதித்தான் வாங்குனாங்க... மாத்தி எழுதறீங்களா?"

"எழுதறேன்" என்றேன். கறாராக, உறுதியாக.

எழுதவில்லை. ஊருக்கு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். 'அன்புள்ள வாசகர்களே, அந்த யோசனை தப்பு' என்று எழுத ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. அந்த வாரம் காஸ் சிலிண்டர் டெலிவரி பற்றி எழுதினேன். அடுத்த வாரம் பேத்தியின் ஆன்லைன் வகுப்பு. அதற்கடுத்து மாடி வீட்டு நாய். 'முதலில் குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்' என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்ன? இந்தப் பக்கத்தில் நான் இதுவரை தப்புப் பண்ணியதே இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

ஐப்பசியில் பூங்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வருகிற வரைக்கும் இங்கே நான் சாமி அலமாரிக்கும் போனுக்குமாக நடந்தேன். ஒன்பதாம் நாள் பூங்கொடியே கூப்பிட்டாள்.

"பெரியம்மா, கொழந்தைக்குத் தைராய்டு சரியா கீதாம். டாக்டரம்மா சொல்ட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வாய் கொஞ்சம் என்று சொன்னேன் இல்லையா? நான்தான் அழுதேன்.

இனி இந்த வருடம். போன திங்கட்கிழமை ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் புளிப் பார்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை ரசம். 'நறுக்.'

அந்தப் புளியை முறத்தில் கொட்டிப் பார்த்தேன். மண். பொடிக் கல். ஓரங்களில் இப்போதே கறுக்கத் தொடங்கியிருக்கிறது. ஆறு வருடத்தில் நான் பார்த்த ஆக மோசமான புளி. ஆக அருமையான புளியும் அதுதான். இதில் இல்லாத அந்த வெள்ளை உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே!

உடனே போன் போட்டேன். பச்சையம்மாதான் எடுத்தார். பின்னால் ஆறு மாதக் குழந்தை வீடே இடிந்துவிடுகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, கல்லு கீதா?"

"இருக்குது. என் வீட்டுக்காரருக்குப் பல்லே போயிருக்கும்."

"ஐயோ!" என்றார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "இவளப் பாருங்க, இன்னா தொண்ட! குப்புறப் படுத்துக்கினு, நான் எந்தப் பக்கம் போனாலும் திரும்பித் திரும்பிப் பாக்கறா."

"பூங்கொடி எப்படி இருக்கா?"

"இருக்கறா. கழுத்து முக்காவாசி வத்திப்போச்சு. துண்டத் தூக்கிப் போட்டுட்டா. எனக்குத்தான் வத்தல, மணிய அப்டியே வுட்டுட்டேன்." குரல் இறங்கியது. "யக்கா... புளி நெறைய நிக்குது. போன வருஷம் வாங்கனவங்க நாலு பேரு இப்பவே போன் பண்ணி, கல்லு இல்லாம குடும்மான்னு கேக்கறாங்க. ஒருத்தரு வேணாம்னுட்டாரு. அவங்க கிட்ட நான் இன்னான்னு சொல்றது? நீங்க மாத்தி எழுதறேன்னு சொன்னீங்களே... எழுதிட்டீங்களா?"

ஒரு வருடம் கழித்துக் கேட்கிறார். ஒரு வார்த்தை கோபம் இல்லை. நான் எழுதியிருப்பேன் என்ற நம்பிக்கை மட்டும் அந்தக் குரலில் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல பச்சையம்மா. இந்த வாரம் எழுதறேன்."

அந்த வாரம் இதுதான்.

கல் உப்பிலும் அயோடின் சேர்த்து விற்கிறார்களே, அதை வாங்கி அடைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். புளிக்கு எதற்கு அயோடின்? அந்த மலைக்கு நான் அனுப்பிய யோசனைகள் இப்போதைக்குப் போதும்.

ஆகவே, போன வருடம் வாங்கியவர்களுக்கும், வேண்டாம் என்று சொன்ன அந்த ஒருவருக்கும்... இந்த வருடப் புளியில் கல் இருக்கும். கரைத்து, இரண்டு தரம் வடிகட்டிச் சமையுங்கள். யாருக்காவது பல் போனால் பில்லை எனக்கு அனுப்புங்கள். பச்சையம்மாவுக்கு ஆர்டரை அனுப்புங்கள்.